சுவருக்குப் போன தண்ணீர்

மந்தைவெளிப் பக்கம் இருக்கும் அந்தத் தாய்சேய் நல மையத்தில் ரோஸி ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்து பதினொரு வருடம் ஆகிவிட்டது. பட்டினப்பாக்கத்திலிருந்து காலையில் நடந்தே வந்துவிடுவாள். கணவன் ஜான்சன் கடலுக்குப் போகிறவன். வலை சும்மா வருகிற மாதங்களில் இவள் சம்பளத்தில்தான் அடுப்பெரியும். அதனால் வேலையிடத்தில் வாயை அடக்கிக்கொள்ளப் பழகியிருந்தாள். மீன் சந்தையில் அவள் பேரம் பேசிப் பார்த்தவர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

மையத்தின் கட்டடம் அறுபது வருடத்துக்கு மேல் பழையது. மேற்குச் சுவர் வெயிலை வாங்கி வாங்கி, மதியத்தில் ஊசி போடும் அறையை அடுப்பாக்கிவிடும். போன வருடம் அந்தச் சுவர் முழுக்க இரும்புச் சட்டம் அடித்து, அதில் பைகள் மாட்டி, வரிசை வரிசையாகச் செடி வைத்தார்கள். பழைய பொதுக் கட்டடங்களைப் பசுமையாக்கிக் கரியமில வாயுவைக் குறைக்கும் திட்டமாம். வாசலில் பெரிய பலகையும் வந்தது.

ரோஸிக்கு அந்தச் சுவர் பிடித்திருந்தது. உதிர்ந்த இலையைப் பெருக்கும்போதுகூட அவள் முணுமுணுத்ததில்லை. தலைமை நர்ஸ் ஹம்சா மயிலாப்பூர்க்காரி. அவளுக்கும் ஒரே சந்தோஷம்.

“மத்தியானம் அந்த ரூம்ல இப்போ உக்கார முடியறது ரோஸி. ஏசியே ரெண்டு மணிக்கு மேலதான் போட்டுண்டிருக்கேன்” என்றாள்.

சித்திரை பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. காலை பத்தரைக்கெல்லாம் கழிப்பறைக் குழாயில் காற்றுதான் வந்தது. குழந்தையோடு வரும் பெண்களிடம், “தண்ணி இல்லம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று ரோஸியே சொல்லி அனுப்பினாள். வெயில் காலம், ஊருக்கே தண்ணீர் இல்லை என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை ரூபீனா என்ற பெண் வந்தாள். பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். வரிசையில் நிற்கும்போதே உதிரம் அதிகமாகிப் புடவை நனைந்துவிட்டது. கழிப்பறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. ரோஸி கதவைத் தட்டினாள். உள்ளே வறண்ட குழாயைப் பிடித்தபடி அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

ரோஸி குடிநீர் கேனைத் தூக்கி வந்து அவளைக் கழுவிவிட்டாள். வரிசையில் நின்ற ஒருத்தியிடம் மாற்றுப் புடவை வாங்கிக் கொடுத்து, ஹம்சாவிடம் உட்கார வைத்துவிட்டு, நேராக மொட்டை மாடிக்கு ஏறினாள்.

தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். கழிப்பறைக்குப் போகும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து ஒரு முழம் மேலே இருந்தது. அடிமட்டத்தில் புதிதாக ஒரு குழாய். அது சுவருக்குப் போயிற்று. தொட்டியில் தண்ணீர் ஒரு முழத்துக்குக் கீழே இறங்கினால் கழிப்பறைக்குச் சொட்டு வராது. சுவருக்கு மட்டும் கடைசிச் சொட்டுவரை போகும்.

ரோஸி சுவர்க் குழாயின் வால்வைத் திருகி மூடினாள்.

மறுநாள் செடிச் சுவர் அமைத்த ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளன் சுஹாஸ் வந்து கத்தினான். “வால்வை மூடினது யாரு? செடி காஞ்சா நீ பதில் சொல்லுவியா?”

“பொம்பளைங்க கழுவ தண்ணி இல்ல சார்.”

“அதுக்கு லாரி சொல்லுங்க. இது கார்பன் ப்ராஜெக்ட். நான் டெய்லி போட்டோ அனுப்பணும்.”

வால்வைத் திறந்துவிட்டு, யாரும் மூட முடியாதபடி ஒரு பூட்டைப் போட்டுவிட்டுப் போனான்.

அன்று மதியம் ரோஸி சோற்றைத் தொடவில்லை. வாசல் பலகையின் முன்னால் போய் நின்று, எழுத்துக் கூட்டிப் படித்தாள். படமும் போட்டிருந்தது. கை கழுவும் தண்ணீர் ஒரு சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து மோட்டார் அதைச் சுவருக்கு ஏற்றுகிறது. நல்ல தண்ணீர் ஒரு குவளைகூடச் செலவாகாது என்று கீழே எழுதியிருந்தது.

பின்பக்கம் இரும்பு மூடி போட்ட சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. கடப்பாரையை விட்டு நெம்பினாள். உள்ளே காலி சிமெண்டுப் பைகள், நசுங்கிய டீ கப்புகள், காய்ந்து போன ஒரு பெருச்சாளி. குழாயும் இல்லை, மோட்டாரும் இல்லை.

எத்தனை பெண்களிடம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்று சொல்லியிருப்பாள்! எவனோ செய்த திருட்டுக்குத் தன் வாயாலேயே சமாதானம் சொல்ல வைத்துவிட்டார்களே என்று பொருமியபடி ஹம்சாவிடம் போய்ச் சொன்னாள்.

ஹம்சா மேலதிகாரிகளுக்கு இரண்டு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. “எனக்கு ஒரு வருஷம்தான் சர்வீஸ் பாக்கி. இதுக்கு மேல என்னால முடியாது ரோஸி” என்றாள். ரோஸி அவளைத் திட்டவில்லை. ஆனால் இரண்டு நாள் பேசவில்லை.

ஆனி மாதம், திட்டத்துக்குச் சான்றிதழ் தர ஒரு பெண் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. முதல் நாள் சுஹாஸின் ஆட்கள் ஏணி வைத்து ஏறினார்கள். அவ்வளவு தண்ணீர் போயும் வெயில் தாங்காமல் மேல் வரிசைகளில் செடி கருகிப் போயிருந்தது. அந்த இடத்தில் பச்சை பச்சையாக எதையோ கம்பியில் கட்டினார்கள். கீழே விழுந்த ஒன்றை ரோஸி எடுத்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் இலை.

“இது இன்னா காத்தை சுத்தம் பண்ணுமா நைனா?” என்று கேட்டாள். ஏணிமேல் இருந்தவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அதிகாரி வந்தார். சுவரைப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். பிறகு, “சுத்திகரிப்புத் தொட்டி எங்கே?” என்று கேட்டார்.

“பின்னாடி ஓடிக்கிட்டிருக்கு மேடம். இப்பத் திறந்தா வாடை வரும்” என்றான் சுஹாஸ்.

துடைப்பத்தோடு ஓரமாக நின்ற ரோஸி நடுவில் வந்தாள்.

“வாடைல்லாம் வராது மேடம். உள்ள ஒண்ணுமே கெடையாது. வந்து பாருங்க.”

“ஏம்மா, நீ போய் வேலையைப் பாரு” என்று சுஹாஸ் பல்லைக் கடித்தான்.

“என் வேலையத்தான் பாத்துக்கினு கீறேன். பச்ச ஒடம்புக்காரி ரத்தத்தோட நிக்கறா, கழுவ தண்ணி இல்ல. அந்தத் தண்ணிய நீ செவுத்துக்கு ஊத்தி போட்டோ புடிக்கிற. மேல பிளாஸ்டிக்க கட்டி வெச்சிக்கீற. அதுக்கு சர்டிபிகேட்டு வேற கேக்குதா உனக்கு?”

காத்திருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஹம்சாவும் வந்தாள். தன் இரண்டு கடிதங்களின் நகலை அதிகாரியின் கையில் கொடுத்தாள். அதிகாரி பின்பக்கம் போய், மூடியைத் திறக்கச் சொல்லித் தொட்டிக்குள் வெகுநேரம் பார்த்தார். சான்றிதழ் தராமலே வண்டியேறிப் போனார்.

இரண்டு வாரத்தில் குழாய்கள் வந்தன, மோட்டார் வந்தது, மாடித் தொட்டியிலிருந்து சுவருக்குப் போன இணைப்பை வெட்டினார்கள். பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு நிஜச் செடி வைத்தார்கள். கழிப்பறையில் சாயங்காலம்வரை தண்ணீர் நின்றது. அதே வாரம் ரோஸிக்கு அவளுடைய ஒப்பந்த அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. நிர்வாகக் காரணங்களுக்காகத் தரமணிக்கு மாற்றம்.

இப்போது மந்தைவெளியில் ரயிலேறித் தரமணிக்குப் போகிறாள். சுவருக்கு ஆவணியில் சான்றிதழ் கிடைத்ததாம். சுஹாஸ்தான் மேடையேறி வாங்கினானாம். ஹம்சா போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “தண்ணி வருதுல்ல? அது போதும் சிஸ்டர்” என்று சொல்லி ரோஸி போனை வைத்துவிட்டாள். அன்று ராத்திரி அவள் பாத்திரங்களைப் போட்ட சத்தத்தில் ஜான்சன் எட்டிப் பார்த்தான்.

“இன்னாடி, இன்னும் கோவம் போவலியா?”

“எதுக்குப் போவணும்?”

நிர்வாகக் காரணம் என்றால் என்ன காரணம் என்று எழுத்தில் கேட்டு அவள் மனு கொடுத்திருக்கிறாள். திங்கட்கிழமைதோறும் வேலை முடிந்ததும் ஒப்பந்த அலுவலகத்துக்குப் போய்ப் பதில் கேட்கிறாள். ஐந்து வாரம் ஆயிற்று. போன வாரம் அவளைக் கண்டதும் அங்கிருந்த குமாஸ்தா டீ குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்தான். அவன் திரும்பி வரும்வரை, அவன் மேசைக்கு எதிர் நாற்காலியில் ரோஸி உட்கார்ந்திருந்தாள்.