எங்க வீட்டு அங்பாவ்

மலேசியாவுல, எங்க கிள்ளான்ல தீபாவளின்னா பிள்ளைங்களுக்கு முறுக்கும் அதிரசமும் ரெண்டாம்பட்சம். அங்பாவ்தான் முதல்ல, பணம் வச்ச அந்தச் சின்ன உறை. யார் வீட்டுக்குப் போனாலும் என் மகளுக்கு ஒண்ணு கிடைக்கும். வீடு திரும்பினதும் எல்லாத்தையும் வாங்கி, "அம்மா பத்திரமா வச்சிருக்கேன்"னு பிஸ்கட் டின்ல போட்டுடுவேன். நம்ம வீட்டுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு அதிலிருந்துதான் போகும். என்னைப் பெத்தவளும் இதைத்தான் செஞ்சா. நான் ஒண்ணும் கேக்கலை.

அந்த வருஷம் மகளுக்குப் பதினஞ்சு வயசு. ஸ்கூல் ஹாக்கி டீம்ல எடுத்திருந்தாங்க, சொந்தமா ஹாக்கி கட்டை வேணும். "என் அங்பாவ் காசைக் குடுங்கம்மா"ன்னு வந்து நின்னா. என் வீட்டுக்காரருக்கு லோரி ஓட்டுற வேலை போய் மாசக்கணக்காச்சு. தன் அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு என்கிட்டயும் மகள்கிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தார். டின்ல இருந்ததெல்லாம் அந்த அக்கா பிள்ளைங்களுக்கான உறைக்குள்ள போயிடுச்சு.

"உன் காசா? உன் மூஞ்சிக்காகவா குடுத்தாங்க? நாங்க குடுத்தது திரும்பி வந்துச்சு, அவ்வளவுதான். வாயை மூடிட்டு முறுக்கை அடுக்கு"ன்னேன்.

மறுநாள் நாத்தனார் அம்பாங்கிலிருந்து பிள்ளைங்களோட வந்தாங்க. கிளம்புற நேரத்துல உறைகளை மகள் கையில குடுத்து, "தம்பி தங்கச்சிக்குக் குடும்மா"ன்னேன். குடுத்தா. குடுத்துட்டு, "அத்தை, இது என் ஹாக்கி கட்டை. அப்பாவுக்கு வேலை இல்லை லா, அதான் என் காசை எடுத்துட்டாங்க"ன்னா.

அடிப்பாவி! என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்துலயே தலையைக் குனிஞ்சுட்டார். நாத்தனார் தன் பிள்ளைங்க கையிலிருந்த உறைகளைப் பிடுங்கி மேசையில வச்சாங்க. "ஏன்டா தம்பி, இல்லாத வீட்டுல எதுக்கு இந்த ஜம்பம்?"னு சிரிச்சாங்க.

அவங்க கார் தெருமுனை தாண்டினதும் மகளை ஓங்கி அறைஞ்சேன். உறைகளை அவ மேல வீசினேன். "எடுத்துக்கோடி, உங்கப்பன் மானத்தை வித்த காசு!"

அவ கட்டை வாங்கினா. என் வீட்டுக்காரர் அவகிட்ட பேசறதையே விட்டுட்டார்.

அடுத்த தீபாவளிக்குள்ள அவ ஒரு கேக் கடையில சனி ஞாயிறு வேலைக்குப் போனா. சம்பளத்தைப் புது நோட்டா மாத்தி, அத்தை பிள்ளைங்களுக்குத் தானே உறை போட்டா. "இதைப் பார்த்தா அப்பா பேசுவாரும்மா"ன்னா.

நாத்தனார் வந்தாங்க. மகள் ரெண்டு கையாலயும் உறைகளை நீட்டினா. பிள்ளைங்க ரெண்டும் கையைப் பின்னால கட்டிக்கிச்சு.

"இந்த வீட்டுல வாங்கக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

நாத்தனார் டீயை ஊதிக் குடிச்சாங்க. மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தா. அவர் எழுந்து பின்பக்கம் போயிட்டார். நல்லா வேணும்டின்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

அவ நீட்டின கையை மடக்கவே இல்லை. கடைசியில நான்தான் போய் உறைகளை வாங்கி, பிஸ்கட் டின்ல போட்டேன்.