கலாஸ் என்ற ஒரு சொல்

டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி வாசலுக்கு வந்த அந்த மதியம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒட்டகத்தைப் பராமரிக்கும் சூடான்காரர் காலையிலிருந்து அங்கேயே நின்றிருந்தார். அரபியில் நீளமாக ஏதோ கேட்டார். டாக்டரம்மாவுக்குத் தெரிந்த அரபி ஐந்தாறு வார்த்தை. கடைசியில் வந்த "கலாஸ்?" மட்டும் பிடிபட்டது. அவரும் சிரித்துக்கொண்டே "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். வளைகுடாவில் வந்து இறங்கும் யாரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற சொல் அது.

பாலைவன ஓரத்தில் இருந்த அந்த ஒட்டக ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவர்தான் தமிழ். அவர் யாழ்ப்பாணம். ஆபரேஷன் அறையில் உதவிக்கு நின்ற நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். குளிர்காலத்தில் கடா ஒட்டகங்கள் மதம் பிடித்து ஒன்றையொன்று கடித்துத் தாடையை உடைத்துக்கொண்டு வரும். பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டி அனுப்புவோம். இரவும் பகலும் அசைபோடுகிற வாயில் எந்தக் கம்பி நிற்கும்? தளர்ந்து, சீழ் வைத்துத் திரும்பி வரும். "எலும்பு கூடவேணுமெண்டா வாய் சும்மா இருக்கவேணும் தம்பி. வாய் சும்மா இருந்தா ஒட்டகம் செத்துப்போடும். நான் என்னத்தைச் செய்ய?" என்பார். கடைசியில், கம்பியோடு எலும்பின்மேல் ஒரு தகடும் வைத்துத் திருகி, சில வாரம் ஊறவைத்துக் குழைத்த தீவனம் மட்டும் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தார். அப்படிச் செய்த முதல் ஒட்டகம் இதுதான். இது தேறாவிட்டால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று ஒட்டகத்தின் முதலாளி சூடான்காரரிடம் சொல்லியிருந்தார். அந்த மனிதர் வாசலை விட்டு நகராததற்கு அதுதான் காரணம்.

தீவன விஷயத்தை மறுநாள் அரபி தெரிந்த ஆளை வைத்து விளக்கலாம் என்றிருந்தார் டாக்டரம்மா. ஆனால் சூடான்காரர் அன்று கேட்டதே அதைத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. எதையும் தின்னாதபடி வாயில் கட்டியிருந்த கூடையை எடுத்துவிடலாமா, பழையபடி தின்னலாமா, எல்லாம் முடிந்ததா? மயக்கம் தெளிந்த ஒட்டகத்துக்கு ஆசை ஆசையாகக் காய்ந்த புல்லையும் பார்லியையும் அள்ளி வைத்திருக்கிறார். காலையில் நான் டூட்டிக்கு வந்தபோது தகடு பிய்ந்து, தாடை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு ஆபரேஷனுக்கு முதலாளி சம்மதிக்கவில்லை. அறுப்புக்கு ஏற்றிப் போக வண்டி வந்தது. சூடான்காரர் அழவில்லை, சண்டை போடவில்லை. அதே வாசலில் நின்று டாக்டரம்மாவைப் பார்த்து, அதே குரலில், "கலாஸ்?" என்றார். அந்த வாரமே சூடான்காரரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு, அரபி தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் டாக்டரம்மா கத்தியைத் தொட்டதில்லை. பராமரிப்பவரைத் தன் வாயாலேயே எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லவைப்பார். தாடைகள் கூடத் தொடங்கின. எல்லோரும் பாராட்டினார்கள். "விடுங்க டாக்டர், வேணும்னேவா செய்தீங்க?" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "இஞ்ச கூடின எலும்பெல்லாம் அந்தாளுக்கு என்னத்துக்கு?" என்றார். மறு வருஷம் வேலையை விட்டுவிட்டுப் போனார். போனவர் போனவர்தான், ஒரு தகவலும் இல்லை.

நானும் அந்த வேலையை விட்டு நகரத்துக்குள் ரோலா பகுதிக்கு வந்துவிட்டேன். தாடை உடைந்த ஒட்டகங்கள் இப்போது நன்றாகத் தின்றுகொண்டு வீடு திரும்புகின்றன என்று பழைய நண்பன் சொல்கிறான். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. நேற்று டீக்கடையில் பாதி டீயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. கடைக்காரர் கோப்பையை எடுக்கக் கை நீட்டி, "கலாஸ், பாய்?" என்றார். சாதாரணக் கேள்விதான். நான் கோப்பையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.