ஒரு படம் அதிகம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கே நடந்தது. என் மனைவியிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை. வேலை செய்யும்போது நேரத்தைக் குறித்து வைப்பது என் பழக்கம் என்பதால், கீழே வரும் நேரங்கள் எல்லாம் என் தாளில் இருந்தபடியே இருக்கின்றன.

சர்வர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த அறை சர்வருடையது. நோயாளிகளின் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாம் அங்கிருந்த ஒரு பழைய சர்வரில்தான் சேரும். அதன் டிஸ்க் தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பிவிட்டது. புதிய டிஸ்க்குகள் செருகியாயிற்று. படங்கள் இருக்கும் பகுதியை அந்தப் புதிய இடத்துக்கும் விரிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு சர்வரை நிறுத்தியாக வேண்டும். பகலில் யார் விடுவார்கள்? நள்ளிரவுக்கு மேல்தான் அனுமதி கிடைத்தது.

என் கவலை வேறு. விடிந்தால், காலை ஏழு மணிக்கு, அதே மருத்துவமனையில் என் அண்ணிக்குத் தலையில் ஆபரேஷன். மூளையை ஒட்டி ஒரு கட்டி. தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அண்ணியின் ஸ்கேன் படங்களும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. அண்ணன் நான்காவது மாடியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. டிஸ்க்கில் கைவைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எண்ணைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் தன்னிடம் இருக்கும் பட்டியலோடு சரிபார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் எண்டர். அன்று திருப்பிச் சொல்லும் வேலை என் நண்பனுக்கு. பட்டியலைத் திறக்காமலே ஒப்பிப்பான் என்பதால் அவனுக்கு ஆபீஸில் கிளிப்பிள்ளை என்று பெயர். வீட்டில் கட்டிலில் படுத்தபடி போனில் இருந்தான். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

இரவு 1.10. கதவை உள்ளே தாழிட்டேன். குளிரில் என் இடது தோள் வலிக்கத் தொடங்கியது. பைக்கிலிருந்து விழுந்து காறை எலும்பு உடைந்தபோது அங்கே ஒரு தகடும் ஆறு திருகும் வைத்தார்கள். ஏசி அறை என்றாலே அதற்கு ஆகாது.

சர்வரை வெளி இணைப்பிலிருந்து துண்டித்துவிட்டு, உள்ளே எத்தனை படங்கள் என்று எண்ணவைத்தேன். 41,206. தாளில் எழுதிக்கொண்டேன். வேலை முடிந்ததும் அதே எண் வர வேண்டும்.

1.52. மாலையிலிருந்து ஓடிய பேக்கப்பை, அதாவது எல்லாப் படங்களின் நகலை, சரிபார்த்தேன். பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. பேக்கப் எடுத்த டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்தது.

விதிப்படி அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

"பேக்கப் ஓகேதானே?" என்றான் கிளிப்பிள்ளை.

"ஓகே."

வாய்கூசாமல் பொய் சொன்னேன். நிறுத்தினால் விடிவதற்குள் டிஸ்க் நிரம்பி சர்வர் படுத்துவிடும். அண்ணியின் ஆபரேஷனும் நின்றுவிடும். நூறு முறை செய்த வேலைதானே என்ற திமிரும் இருந்தது.

வேலை இதுதான். படங்கள் இருக்கும் பகுதி எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது என்று டிஸ்க்கில் ஒரு வரி எழுதியிருக்கும். அந்த வரியை அழித்துவிட்டு, அதே தொடக்கத்தையும் புதிய முடிவையும் எழுத வேண்டும். கடைசி எண்டரைத் தட்டியதும் மற்றதையெல்லாம் என் புரோகிராம் தானே செய்துவிடும். தொடக்க எண் மட்டும் தவறினால் எல்லாப் படங்களும் போச்சு. பேக்கப்பும் இல்லை.

2.20.

"டிஸ்க் மூணு," என்று படித்தேன்.

"மூணு."

"மூணு."

இரண்டு முறை கேட்டது. ஸ்பீக்கர் எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

2.31. பழைய முடிவு எண்ணைப் படித்தேன். பத்து இலக்கம். மறுபடியும் இரண்டு முறை திரும்பி வந்தது. ஆனால் முதலில் வந்தது கிளிப்பிள்ளையின் குரல் இல்லை. மெல்லிய குரல். ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி...

கிளிப்பிள்ளை கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் போனில் கேட்டது.

"டேய், கூட யாருடா இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்ப எனக்கு முன்னாடி யாரு சொல்றது?"

திரும்பிப் பார்த்தேன். சர்வர்கள். விளக்குகள். கதவு போட்ட தாழ்ப்பாளோடு அப்படியே இருந்தது.

2.44. பழைய வரியை அழித்தேன். முடித்துவிட்டு அண்ணனிடம் ஓடிவிட வேண்டும் என்பதைத் தவிர மண்டையில் ஒன்றும் இல்லை. திரை தொடக்க எண்ணைக் கேட்டது. தட்டினேன்.

"தொடக்கம், ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு."

"ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு. சரி, போடு."

இது கிளிப்பிள்ளை.

அந்த இன்னொரு குரல் வரவில்லை.

காத்திருந்தேன்... வரவில்லை.

எண்டர் மேல் விரலை வைத்தேன்.

இடது தோளில் ஒரு கை விழுந்தது.

சில்லென்ற கை. தகட்டின் மேலேயே... அழுத்தியது.

சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடந்த எக்ஸ்ரே அறையில் மெஷின்...

பீப்.

மணி 2.47.

கத்த நினைத்தேன். குரல் வரவில்லை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. குனிந்த கண்ணில் என் தாள்தான் பட்டது. அதில் பழைய தொடக்க எண்ணை என் கையாலேயே எழுதியிருந்தேன்.

63.

இப்போது வரும் டிஸ்க்குகள் எல்லாம் 2048இல் தொடங்கும். இது பழையது. கை பழக்கதோஷத்தில் 2048 தட்டியிருக்கிறது.

அழித்துவிட்டு மாற்றினேன்.

"தொடக்கம்... அறுபத்து மூணு."

"அறுபத்து... மூணு."

என் காதுக்குப் பக்கத்தில்.

எண்டர்.

கை எப்போது விலகியது என்று எனக்குத் தெரியாது.

3.05க்கு சர்வர் எழுந்தது. முதலில் அண்ணியின் படங்களைத் திறந்தேன். எல்லாம் இருந்தன. உட்கார்ந்து அழுதேன். பிறகு மொத்தப் படங்களையும் எண்ணவைத்தேன்.

41,207.

மூன்று முறை எண்ணவைத்தேன். 41,207. இணைப்பையே துண்டித்திருந்த சர்வருக்குள் ஒரு படம் கூடியிருந்தது. அதைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணியின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மதியம் எக்ஸ்ரே எடுக்கும் அக்காவிடம் போய், இரவு யாராவது அறையைத் திறந்தார்களா என்று கேட்டேன். சாவி ராத்திரி முழுக்கத் தன் வீட்டில், தன் கைப்பையில் இருந்ததாகச் சொன்னார். அவரையே அந்தப் படத்தைத் திறக்கச் சொன்னேன்.

நோயாளி பெயர் இல்லை. எடுத்த நேரம் 2.47.

மார்பு எக்ஸ்ரே. இடது காறை எலும்பில் ஒரு தகடு. ஆறு திருகு.

தகட்டின் மேல், பின்னாலிருந்து வளைந்து கவிந்தபடி... ஐந்து விரல்களின் எலும்புகள்.

அது யாருடைய படம் என்று நான் சொல்லவில்லை. அந்த அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எக்ஸ்ரே எடுக்கறப்ப பின்னாடி யாரையும் நிக்க விடக் கூடாதே தம்பி. யாரு இது?"

எட்டு மாதம் ஆகிவிட்டது. தோள்வலி போகவில்லை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று மனைவி சொல்கிறாள். ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று டாக்டர் இரண்டு முறை சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டும் என் பர்ஸில் மடித்தபடியே இருக்கின்றன.

நான் எடுக்க மாட்டேன்.