கொடிமரம் இல்லாத திருவிழா

அந்தப் பனியில் சவர்க்கார வாசம் அடித்தது. கொழும்பில் ஒரு பெரிய மண்டபத்துக்குள் நத்தார் என்கிற கிறிஸ்மஸை ஒட்டி நடந்த பனி விழாவில், கூரையிலிருந்து இயந்திரம் ஊதிய நுரை தலையில் விழுந்து, வழிந்து, கண்ணுக்குள் போய் எரிந்தது இன்றும் எனக்கு மறக்கவில்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கச்சிக்கு ஐந்து. யுத்தம் முடிந்து பாதை திறந்திருந்த காலம். கொழும்பில் இருந்த மாமி, அதாவது அப்பாவின் அக்கா, பிள்ளைகளுக்குப் பனி காட்டவென்று கூப்பிட்டிருந்தார். வயல் வட்டையில் விளையும் நெல்லை யானைக்கு விட்டுவிட்டு வர அப்பாவுக்கு மனமில்லை. அம்மாதான் எங்கள் ஊர் களுவாஞ்சிக்குடியிலிருந்து எங்களை பஸ் ஏற்றிக் கூட்டி வந்தார்.

மார்கழிப் பனி தலையில் பட்டால் "தடிமன்" பிடிக்கும் என்பது அம்மாவின் மாறாத கொள்கை. பனி பார்க்க வந்த இடத்திலும் எங்கள் தலையில் துவாயைச் சுற்றிக் கட்டிவிட்டிருந்தார். சிவப்புத் தொப்பி போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் நாங்கள் வயலுக்குப் புறப்பட்டவர்கள் போல நின்றோம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இன்னொரு கொள்கையும் அம்மாவிடம் இருந்தது. கோயில் திருவிழாவில் செருப்பைக் கழற்றும்போதே எங்கள் காதைப் பிடித்துச் சொல்வார்: "கைய விட்டுட்டா அழுதுகொண்டு அலையப்படாது. கொடிமரத்தடியில வந்து நில்லுங்க. நான் அங்க வருவன்." அம்மாவும் அவருடைய தம்பியும் சிறு வயதில் பழகிய ஒழுங்கு அது. அந்த மாமாவை நாங்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். யுத்த காலத்தில் ஒருநாள் இராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்து, சனத்தை மைதானத்தில் இருத்தி, ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டார்களாம். பெயர் கேட்டு எழும்பிப் போன மாமா திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருவிழாவிலும், சனம் கலையும் நேரம், அம்மா கொடிமரத்தடியில் சும்மா நிற்பார். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை.

மண்டபத்தில் திடீரென்று விளக்குகளை அணைத்து, நுரையை ஒரேயடியாகக் கொட்டினார்கள். சனம் முண்டியடித்தது. விளக்கு வந்தபோது அம்மாவின் கையில் தங்கச்சியின் கை இல்லை. துவாயை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், நுரை எல்லாத் தலையையும் வெள்ளையாக்கியிருந்தது. அவளுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். உதடு அசைந்ததே தவிர சத்தம் வரவில்லை. மாமி அறிவிப்பு மேசைக்குப் போய்ச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். அங்கிருந்த பெண் பரிவோடுதான் ஒலிவாங்கியை எடுத்து, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாள். மாமி வாய் திறக்குமுன் அம்மா அவர் கையை இறுக்கிப் பிடித்தார்.

"வேணாம் மச்சாள். பேரக் கூப்பிட வேணாம்."

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அம்மா பிடித்த கையை விடவில்லை. தங்கச்சி இனிக் கிடைக்க மாட்டாள் என்றே நம்பிவிட்டேன். அந்த நேரத்தில்தான் அம்மா தலையை நிமிர்த்தி மண்டபத்தின் நடுப்பக்கம் பார்த்தார். அங்கே, கூரையைத் தொடும் உயரத்தில், விளக்குகள் சுற்றிய நத்தார் மரம் நின்றது. அம்மா ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

மரத்தடியில், அதன் இரும்புத் தாங்கியை ஒரு கையால் பிடித்தபடி, துவாய் கழன்று கழுத்தில் தொங்க, தங்கச்சி நின்றாள். அழவில்லை. எங்களைக் கண்டதும் கோபத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் அப்பவே வந்திட்டன். நீங்கதான் வரல்ல."

அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நுரைக்குள்ளேயே குந்திவிட்டார். அவர் அப்படிக் குரலெடுத்து அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. தங்கச்சிக்காக மட்டும் அவர் அழவில்லை என்பது எனக்கு அந்த வயதிலேயே விளங்கியது.

இப்போது அந்த மண்டபம் இல்லை. அந்த இடத்தில் மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. தங்கச்சி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கூட்டத்தில் பிரிந்தால் போனை எடுத்து "எங்க நிக்கிறீங்க" என்று கேட்டுக்கொள்கிறோம். காதைப் பிடித்துச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் போன திருவிழாவில், கச்சான் கடலை விற்பவர்கள் கடையை மடித்த பிறகும் அம்மா கொடிமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நேரமாகிவிட்டது, கூட்டிக்கொண்டு வருவோம் என்று நான் நடந்தேன்.

"நிக்கட்டும் அக்கா," என்று தங்கச்சி என்னை மறித்தாள். பிறகு தானும் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.