உளுந்து வயலில் மூன்று மட்டைகள்

இடது முழங்கையில் வலி வந்திராவிட்டால் நான் அந்தப் பழைய மட்டைகளை மாற்றியிருக்கவே மாட்டேன். பந்தில் மட்டை படுகிற கணத்தில் முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்று இழுக்கும். பிறகு இரண்டு நாளைக்குக் குழம்புச் சட்டியை இறக்கக்கூட வலது கைதான்.

நான் கோல்ஃப் ஆடுகிறவள் என்று எங்கள் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. மன்னார்குடிக்குக் கிழக்கே, இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவில் இருக்கிற ஊர். அப்பா பல வருஷம் குத்தகைக்கு உழுது, கடைசியில் நிலக்காரரிடமிருந்து எழுதி வாங்கிய வயல்தான் எங்கள் குடும்பத்துச் சொத்து. நான் மருந்தாளுநர் படிப்பு முடித்து வடக்கே ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பின் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். என் கணவருக்கு அதே தொழிற்சாலையில் வேலை. குடியிருப்புக்குள்ளேயே ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. சாயங்காலம் போவதற்கு வேறு இடம் கிடையாது. அவர் பழகப் போனார், நான் துணைக்குப் போனேன். சீக்கிரமே நான் அவரைத் தோற்கடிக்க ஆரம்பித்தேன். அதில் அவருக்குப் பெருமைதான்.

கோல்ஃப் பையில் பல மட்டைகள் இருக்கும். அவற்றில் இரும்புத் தலை வைத்தவற்றை அயர்ன் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு தூரம். என்னுடைய அயர்ன் செட், மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுச் சென்றது. ஆறடி ஆளுக்குச் செய்தது. எஃகுத் தண்டு, நல்ல கனம். அதிலேயே பழகி, அதிலேயே ஆடி, ஓய்வு பெற்றபோது அதையே லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சிப் பக்கம் ஒரு மைதானத்துக்குக் காரில் போய் ஆடிவிட்டு வருவோம்.

வலி வந்ததும், "வேற செட் வாங்கிருவோம்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தட்டிக் கழித்தேன். புது மட்டையிலும் வலித்தால்? அப்புறம் மட்டையைக் குறை சொல்ல முடியாது. வயசாகிவிட்டது, ஆட்டத்தை விடு என்பதுதான் பதிலாக இருக்கும். அந்தப் பதிலைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

கடைசியில் சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் மூன்று செட்டிலிருந்து ஏழாம் நம்பரை மட்டும் செட்டுக்கு ஒன்றாக உருவிக் கொடுத்தார். "கொண்டுபோய் ஒரு வாரம் அடிச்சுப் பாருங்க மேடம். எது கைக்கு ஒத்து வருதோ அந்த செட்டை எடுத்துக்கலாம்" என்றார்.

அந்த வாரம் திருச்சி மைதானத்தில் ஏதோ போட்டி, வெளியாருக்கு இடமில்லை என்றார்கள். அப்போதுதான் எனக்கு எங்கள் வயல் நினைவுக்கு வந்தது. பங்குனிக் கடைசி. உளுந்து பறித்தாகிவிட்டது. மேட்டூரில் தண்ணீர் திறக்கிறவரை வயலுக்கு வேலையில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டை வெளி.

வயலைச் சாகுபடி செய்வது என் தம்பி. பட்டா எங்கள் இருவர் பேரிலும் இருந்தது. நாங்கள் ஊர் திரும்பியதிலிருந்து அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. வந்தால் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவான். காபி போட்டால், "இப்பதான் குடிச்சேன்" என்பான். நான் வந்ததே அவனுக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை.

அவனுக்கு வேறு கவலைகளும் இருந்தன. பக்கத்து ஊரில் எரிவாயுக் குழாய் பதிக்கப்போகிறார்கள் என்று அந்த வருஷம் முழுக்கப் பேச்சு. ஒரு நாள் காலையில் சிலர் வந்து, முக்காலி ஸ்டாண்டு வைத்து அளந்து, அந்த ஊர் வயலில் சிவப்புக் கொடிகள் நட்டுவிட்டுப் போனார்கள். பிடுங்கப் போன கூட்டத்தில் தம்பியும் இருந்தான். போலீஸ் எல்லாரையும் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டது. தேர்தலில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்கிற இரண்டு கட்சிக்காரர்களும் அந்த மண்டபத்தில் ஒரே பாயில் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டார்களாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று காலை மூளைக்கு எட்டவில்லை.

வெயில் ஏறுவதற்கு முன் போனோம். தரை பாறை மாதிரி இறுகியிருந்ததால் வாசல் மிதியடியைக் கொண்டுபோய் அதன்மேல் பந்தை வைத்தேன். மட்டை வீசுவதைப் படம் எடுக்க முக்காலி ஒன்றில் செல்போனைப் பொருத்தினோம். அவர் வெள்ளைத் தொப்பியோடு எதிர்க்கோடியில் போய் நின்றார். பந்து விழுகிற இடத்தில் அடையாளம் வைக்க வேண்டுமே. அதற்கு மூங்கில் குச்சிகளில் என் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டியிருந்தோம்.

முதல் மட்டை பார்க்க லட்சணமாக இருந்தது. மெல்லிய தலை, பளபளப்பு. நாலைந்து பந்து அடித்ததும் முழங்கை இழுத்தது. இரண்டாவது மட்டையில் பந்து நல்ல தூரம் போனது, வலியும் அதே அளவுக்கு வந்தது. மிதியடியில் உட்கார்ந்து கையைப் பிடித்துவிட்டுக்கொண்டேன். மூன்றாவது மட்டையை எடுக்கவே தோன்றவில்லை. கிராஃபைட் தண்டு, நீல நிறம், கையில் எடுத்தால் கனமே இல்லை. குழந்தைகள் விளையாட்டுச் சாமான் போலிருந்தது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது என்றே நினைத்துக்கொண்டேன்.

தலையைத் தூக்கினால் வரப்பு முழுக்க ஆட்கள்.

வாய்க்கால் தூர் வார நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள், மண்வெட்டியும் கூடையுமாக முன்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கரைவேட்டி கட்டிய கிளைச் செயலாளர், எனக்கு மாமா முறை. ரோட்டில் இன்னும் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன.

"எவண்டா ஆபீசரு? முன்னாடி வரச் சொல்லு!" என்று மாமா கத்தினார்.

என் கணவர் கையில் ஒரு சிவப்புக் கொடியோடு மெதுவாக நடந்து வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மாப்ள... நீங்களா?" மாமாவின் குரல் இறங்கிவிட்டது.

"நீங்களே இப்படிப் பண்ணலாமாக்கா?" என்றாள் முன்னால் நின்ற பெண். "அந்த ஸ்டாண்டு வச்சுத்தான அன்னைக்கும் அளந்தானுங்க? இதே செவப்புக் கொடிதான?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பி வந்தான். சட்டை பொத்தான்கூடப் போடவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது.

"அக்கா, கையெழுத்துப் போட்டுட்டியா?"

"எதுலடா?"

"கம்பெனிக்காரன்கிட்ட. நெலத்துக்கு. போட்டுட்டியா இல்லையா, அத மட்டும் சொல்லு."

அவன் குரல் உடைந்திருந்தது. கோபமாக வந்தவன் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபமில்லை, பயம்.

"டேய், நான் எதுலயும் கையெழுத்துப் போடல. யாரும் வந்து கேக்கவும் இல்ல. இது பந்து வெளையாட்டுடா. புது மட்டை வாங்கணும், எது நல்லதுன்னு அடிச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன்."

யாரும் நம்பவில்லை.

"பந்து எங்க?" என்றார் மாமா.

நியாயமான கேள்வி. பாதிப் பந்து வெடிப்பிலும் எலி வளையிலும் போயிருந்தது. பையைக் கவிழ்த்து மிச்சமிருந்ததைக் காட்டினேன். மாமா ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். ஒரு பெண் வாங்கி மோந்து பார்த்தாள்.

"சரி, அடிங்க. பாப்போம்" என்றாள்.

அவசரத்தில் கைக்கு அகப்பட்ட மட்டையை எடுத்தேன். பந்தை மிதியடியில் வைத்தேன். ஊரே பார்க்கிறது. கோல்ஃப் ஆடத் தெரியும் என்று நிரூபித்தால்தான் நிலத்தை விற்கவில்லை என்று ஆகும். இப்படி ஒரு சோதனை அந்தக் குடியிருப்பில் எனக்கு வந்ததில்லை. மூச்சை விட்டு, மட்டையை உயர்த்தி வீசினேன்.

டொக்கென்று ஒரு சின்னச் சத்தம். பந்து எழுந்து, கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்த வரப்பைத் தாண்டி, எல்லாக் கொடிகளையும் தாண்டி விழுந்து உருண்டது. "யாத்தாடி" என்றது கூட்டம். கொக்குகள் கலைந்தன.

நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வலிக்கப் போகிறது என்று. வலிக்கவில்லை. கையிலிருந்தது அந்த நீலத் தண்டு. இன்னொரு பந்தை வைத்து அடித்தேன். வலிக்கவில்லை. இன்னொன்று. அவர்களுக்காக அடித்துக் காட்டுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக் கைதட்டினார்கள். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள். "எங்கிட்டக் குடுங்கக்கா." இரண்டு முறை காற்றை வெட்டினாள். மூன்றாவதில் பந்து பக்கவாட்டில் பறந்து காய்ந்த வாய்க்காலுக்குள் போனது. மாமாவும் கேட்டு வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே வீச்சு. மிதியடிதான் எகிறியது.

"இதுக்குத்தான் ரெண்டு ஊரு ஆளுக்கும் போன் போட்டனா?" என்று தலையில் கை வைத்தார். "மாப்ள, அந்தக் கொடியெல்லாம் முதல்ல புடுங்குங்க. பஸ்ஸுல போறவன் பாத்தா மறியல்ல உக்காந்துருவான்."

கூட்டம் கலைந்தது. தம்பி மட்டும் போகவில்லை. எங்களோடு சேர்ந்து பந்து பொறுக்கினான். எலி வளைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துத் துண்டில் துடைத்து என்னிடம் கொடுத்தான்.

"நீ வந்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லக்கா" என்றான், என்னைப் பார்க்காமல். "பங்கு கேப்ப, வித்துட்டுப் போயிருவன்னு நெனச்சேன். கேக்கவும் முடியல."

"வித்துட்டு எங்கடா போறது? எங்களுக்கு வேற ஊரு ஏது?"

"அத நீ சொல்லவே இல்லியே."

"நீ வாசப்படியத் தாண்டி வந்தாத்தான சொல்றதுக்கு?"

அவன் சிரித்துவிட்டான். வெகு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். என் கணவர் கொடிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு, பசிக்கிறது என்று சத்தம் போட்டார். மூவரும் வீட்டுக்கு வந்தோம். தம்பி கூடத்தில் உட்கார்ந்து ஏழு இட்லி சாப்பிட்டான். என் முக்காலியைப் பிரித்து மடக்கிப் பார்த்துவிட்டு, "இதுதான் எங்கள இந்த ஓட்டம் ஓட வச்சிருக்கு" என்றான்.

மத்தியானம் சென்னைக்குப் போன் செய்தேன். "எது மேடம் பிடிச்சிருக்கு?" என்றார் கடைக்காரர். நீலத் தண்டு என்றேன். அதை வயதானவர்கள்தான் அதிகம் வாங்குவார்கள் என்று கொஞ்சம் தயக்கத்தோடு சொன்னார். அனுப்புங்கள் என்றேன். அந்தச் சொல் என்னைச் சுடும் என்று அவ்வளவு நாளாகப் பயந்திருந்தேன். காதில் வாங்கியபோது ஒன்றும் ஆகவில்லை. வலிக்காத கையை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டேன்.

சித்திரையில் பார்சல் வந்தது. திருச்சி மைதானத்தில் புது செட்டோடு ஆடிய முதல் நாள், என் ஆட்டம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பந்து எங்கே போகும் என்று இன்னும் பிடிபடவில்லை. இரண்டு முறை மணலில் விழுந்தது. ஆனால் கடைசிக் குழிவரை வலியில்லாமல் ஆடி முடித்தேன். திரும்பும்போது காரில் ஏறியதும் தூங்கிப்போனேன். தஞ்சாவூர் வந்ததும் அவர் எழுப்பி, டிபன் சாப்பிடலாமா என்று கேட்டார். பசித்தது. இறங்கிப் போய் இரண்டு ரவா தோசை சாப்பிட்டேன்.