தாய்மாமன் சோணைமுத்து, கிளை மேலாளர்

சோணைமுத்து கருவேலங்காடு வெட்டுறவன். ஒத்தக்கடைக்கு அங்கிட்டு ஒரு கம்பெனி மனை பிரிச்சப்போ காடழிக்கப் போனான். சுத்துப்பட்டெல்லாம் அவனுக்குச் சொந்தபந்தம்னு தெரிஞ்சதும் கம்பெனிக்காரங்க கழுத்துல ஒரு அட்டையை மாட்டிவிட்டு, “இனிமே நீங்க கிளை மேலாளர்ணே”ன்னாங்க. பேருக்குக் கீழே நீளமா ஒரு நம்பர். மனை விக்கச் சர்க்கார் குடுத்த பதிவு நம்பராம். அருவா பிடிச்ச கை அந்த அட்டையைத் தடவித் தடவிப் பார்த்துச்சு.

அக்கா முத்துத்தாய் மகள் பவதாரிணிக்குச் சடங்கு வந்துச்சு. முக்குல பெரிய பேனர், ‘தாய்மாமன் சோணைமுத்து, கிளை மேலாளர்’னு. சனம் நின்னு வாசிச்சுச்சு. அக்காளுக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. மகளைக் கட்டிக் குடுக்குமுன்னே அவ பேருக்கு ஒரு மனை வாங்கிறணும்னு, கிணத்துப் பங்கை வித்துத் தவணை கட்டுனா.

“பேப்பரெல்லாம் சரியாடா தம்பி?”

“மேனேஜர்கிட்டயே கேக்குறியேக்கா!”

தவணை முடிய ஆறு வருசம். பத்திரம் போட அக்காளும் தம்பியும் போனாங்க. பத்திரம் எழுதுற நூருல் அமீன் அட்டையை வாங்கி, அதுல இருந்த நம்பரைச் செல்லுல தட்டிப் பார்த்தாரு. திரும்பவும் தட்டுனாரு.

“அண்ணே, இது மனுப் போட்ட நம்பர். பதிவு நம்பர் இல்ல. அந்த மனுவையும் தள்ளிட்டாங்க. மனைக்கும் அப்ரூவல் கிடையாது. பதிய மாட்டாங்கண்ணே.”

“நல்லாப் பாருங்க பாய். நான் மேலாளர்.”

“யாரு குடுத்த பட்டம்ணே அது?”

சோணைமுத்து கம்பெனிக்குப் போன் போட்டான். அப்படி ஒரு மேலாளர் எங்ககிட்ட இல்லன்னு வச்சுட்டாங்க. மறுநாள் போய்ப் பார்த்தா ஷட்டர்ல பூட்டு.

அவன் களவாணின்னு ஊரு சொல்லுச்சு. ஊரு என்னத்தக் கண்டுச்சு? அவனும் நம்புனவன்தான். ஆனா கேக்க வேண்டியதைக் கேக்காம நம்புனான். அது குத்தந்தான், இல்லைங்கல.

அக்கா ஒரு வார்த்தை வையல. வஞ்சிருந்தா அவன் பிழைச்சிருப்பான். பேச்சையே நிறுத்திட்டா.

வைகாசியில பவதாரிணிக்குக் கல்யாணம்னு காதுல விழுந்துச்சு. தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதப் பத்திரிகை. வெத்தலை பாக்குத் தட்டோட அக்காளே வரணும், அதான் முறை. பழையபடி காடு வெட்டுற வேலைக்குப் போனவன், தெனம் மதியத்தோட திரும்பிருவான். வேட்டியை மாத்திக்கிட்டு வாசலைப் பார்த்தே உக்காந்திருப்பான்.

பதினோராம் நாள் போஸ்ட்மேன் வந்தாரு. மஞ்சள் தடவின கவரு. பிரிச்சான். தாய்மாமன்னு போட்ட இடத்துல அவன் பங்காளி முத்திருளன் பேரு.

“யாரு பத்திரிகைங்க?” உள்ளேயிருந்து பொண்டாட்டி பாண்டிமீனா கேட்டா.

“தெரியல. விலாசம் மாறி வந்திருச்சு போல”ன்னான்.