கோழிக்குழம்பின் மேல் விழுந்த பழி

என் வீட்டுக்காரர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வாரக் கடைசியில்தான் செட்டிகுளம் வருவார். அவர் கஞ்சா பிடிப்பது கல்யாணமான ஆறாவது மாதமே எனக்குத் தெரியும். சட்டையில் அடிக்கும் நாற்றத்தை என் மாமியார் டீசல் நாற்றம் என்று நம்பிக்கொண்டிருந்தார். நான் சண்டை போட்டேன், பட்டினி கிடந்தேன், அம்மா வீட்டில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

புகைத்துவிட்டு வந்தால் எப்படி இருப்பார் என்பது எனக்கு மனப்பாடம். கண் சிவந்திருக்கும், நாக்கு உலர்ந்திருக்கும், அகோரமாகப் பசிக்கும். சொன்னதையே திரும்பச் சொல்வார். இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளிந்துவிடுவார். அவருக்கும் அளவு அத்துப்படி. நாலு இழுப்பில் தலை கிறுகிறுக்கும், அதோடு நிறுத்திவிடுவார்.

நாற்றம் வந்தால்தானே இவள் கத்துகிறாள் என்று அந்த மேதாவி புது வழி கண்டுபிடித்தார். கூட வேலை பார்க்கும் ஒருவர் கஞ்சா இலையை அரைத்து, வெல்லம் சேர்த்து உருட்டிக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு உருண்டையை விழுங்கினாராம். அரை மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை. சரக்கு மட்டம் என்று இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. அதற்கு மேல்தான் நான் வைத்த கோழிக்குழம்பு.

கை கழுவ எழுந்தவர் அப்படியே சுவரோரம் சரிந்தார். "யம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. நான் செத்துக்கிட்டு இருக்கேன்" என்று அலறினார். யாரோ கூப்பிடுகிறார்கள் என்றார். நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி என்ன என்று கேட்டார். சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் ஓடிவந்து மகனைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி, எம்புள்ளைக்கு என்னத்தடி போட்ட?"

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டதும் இவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"பொகையா உள்ள போனா நுரையீரல் வழியா உடனே தலைக்கு ஏறும், சீக்கிரமும் எறங்கும். தின்னா வயித்துல செரிச்சு, ஈரலுக்குப் போயி, அங்க இன்னும் வீரியமா மாறித்தான் ரத்தத்துல கலக்கும். அதுக்கே ஒரு மணி, ரெண்டு மணி நேரம் ஆகும்மா. அதுக்குள்ள ஏறலையேன்னு மேல மேல தின்னா இப்படித்தான். தெளிய நாளைக்கு ஆயிடும்."

மறுநாள் மதியம் வரை பயந்து பயந்து என் கையைப் பிடித்தபடியே கிடந்தார்.

நான் மாமியாரிடம் உள்ளதைச் சொன்னேன். "எம்புள்ள பீடிகூடத் தொடமாட்டான், அவன் தலையில பழியப் போடுறியா?" என்று பாய்ந்தார். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பொண்டாட்டி சோற்றில் மருந்து வைப்பாள் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறவர்கள் உண்டு. அந்த மருந்தை எடுக்கவும் ஆள் உண்டு. செந்துறைப் பக்கம் அப்படி ஒருவரிடம் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். போகாவிட்டால் அதையும் குற்றமாக்குவார்கள்.

அந்த ஆள் இவர் வயிற்றில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சி, கறுப்பாக எதையோ இலையில் துப்பிக் காட்டினார். மாமியார் ஓவென்று அழுதார். நான் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறங்களேன், ஒரு வார்த்தை சொல்லுங்களேன்! மனுஷன் குனிந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில், மாமியார் கொஞ்சம் தள்ளி நின்றபோது கேட்டேன். "ஏங்க, தின்னது நீங்க. பேரு கெட்டது எனக்கு. எப்பதான் சொல்லுவீங்க?"

"கஞ்சான்னு அம்மாகிட்ட எப்படிப் புள்ள சொல்றது? அவங்க தாங்கமாட்டாங்க. நீன்னா தாங்கிக்குவ."

பஸ் வந்ததும் அவர் அம்மாவுக்கு இடம் பிடிக்க ஓடினார்.

இப்போது வாரக் கடைசியில் அவருக்கு மாமியார்தான் தனியாகச் சமைக்கிறார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தால், என் கையால் ஒரு டீ கூட அவர் வாங்குவதில்லை.